உளைச்சல் வேறு, வலி வேறு

வாசகர் கேள்வி: எனக்கு வயது 26. கோவையில் ஐடி வேலை. பள்ளி நாட்களில் கராத்தே, கடந்த இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சிலம்பம். வரும் மார்ச்சில் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, சீனாவில் ஷாவ்லின் கோயில் இருக்கும் டெங்ஃபெங் ஊரில் ஒரு குங்ஃபூ பள்ளியில் தங்கிக் கற்கப் போகிறேன். இன்னும் 14 வாரம் இருக்கிறது. உடம்பைத் தயார் செய்ய மூன்று வாரமாகத் தினமும் 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஒரு வாரமாக இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலிக்கிறது. அதே காலில் கணுக்கால் இரண்டு முறை சுளுக்கியிருக்கிறது. காலை விரித்து உட்காரும் ஸ்ப்ளிட் இன்னும் வரவில்லை. சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். அம்மாவுக்குப் பயம். என்னென்ன செய்யவேண்டும்?

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த ஓட்டத்தை நிறுத்துங்கள். இன்றைக்கே.

பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலின் முன்னெலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பயப்பட ஒன்றுமில்லை. எலும்பும் அதை ஒட்டிய சவ்வும் தாங்கமுடியாமல் முணுமுணுக்கின்றன, அவ்வளவுதான். இரண்டு வாரம் ஓடாமல் சைக்கிள் மிதித்தால் அடங்கிவிடும். அப்படியில்லாமல், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் விரல் பட்டதும் துள்ளினால், ஒற்றைக்காலில் ஒருமுறை குதித்தாலே சுளீரென்றால், ராத்திரி படுக்கையிலும் வலித்தால், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு. 'எக்ஸ்ரே நார்மல்' என்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஓடப் போய்விடாதீர்கள்.

எட்டு மணி நேரம் நாற்காலியில் இருக்கும் ஒரு உடம்பை ஒரே நாளில் தார் ரோட்டில் 8 கிலோமீட்டர் ஓடச் சொன்னால் அது வேறென்ன செய்யும்? பயிற்சி தொடங்கினால் முதலில் பழகுவது மூச்சு. அப்புறம் தசை, அது மூன்று நான்கு வாரத்தில் பதில் சொல்லும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாணும், எலும்பும் பழக மாதக்கணக்கு ஆகும். உங்கள் மூச்சு 'ஓடலாம்' என்றது, எலும்பு 'வேண்டாம்' என்றது. நீங்கள் மூச்சின் பேச்சைக் கேட்டீர்கள். டெங்ஃபெங்கில் முதல் பதினைந்து நாளில் அடிபடும் பலருக்கும் இதே கதைதான். அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

அங்கே ஒரு நாள் எப்படி ஓடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக்குப் பள்ளி மாறும் என்றாலும், விடியற்காலை ஐந்தரை ஆறு மணிக்கு ஓட்டம், காலையுணவு, இரண்டு மூன்று மணி நேரப் பயிற்சி, சாப்பாடு, மதியத் தூக்கம், மறுபடி பயிற்சி, சில நாள் சாயங்காலமும் கால் இழுக்கும் வேலை. மொத்தம் ஐந்திலிருந்து ஏழு மணி நேரம், வாரம் ஐந்தாறு நாள். மதியத் தூக்கம் அங்கே சோம்பேறித்தனம் இல்லை. எல்லோரும் தூங்குவார்கள், நீங்களும் தூங்குங்கள். அந்த நேரத்தில் துணி துவைக்கப் போகாதீர்கள்.

ஞாயிறு ஒரு மணி நேரம் சிலம்பம் சுற்றியவர் அங்கே போய் வாரம் முப்பது மணி நேரம் பயிற்சி எடுப்பார். இந்த இடைவெளியை 14 வாரத்தில் முழுதாக அடைக்கமுடியாது, பாதி அடைக்கலாம். பாதி போதும்.

முதல் இரண்டு வாரம் காலுக்கு ஓய்வு, சைக்கிள் மட்டும். அடுத்து, மண் மைதானத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடம், வாரம் மூன்று நாள் போதும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டுங்கள். பத்தாவது வாரத்தில் 5 கிலோமீட்டர் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் நீங்கள் தயார். கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள், விமானம் ஏறும்போது கால் புதிதாக இருக்கட்டும்.

ஓட்டத்தைவிட முக்கியமானது படி. அங்கே மலைப்படிகளில் ஏறவைப்பார்கள். போதிதருமர் தியானம் செய்ததாகச் சொல்லும் குகைக்குப் போகும் படிகளில் மாணவர்கள் ஓடி ஏறி, இறங்கும்போது கையும் காலும் ஊன்றித் தலைகீழாகத் தவழ்ந்து வருவதும் உண்டு. உங்களுக்கு மருதமலை பக்கத்திலேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை பஸ்ஸைத் தவிர்த்துப் படியில் ஏறுங்கள். ஏறுவதில் சிரமம் மூச்சுக்கு. தொடை மறுநாள் கெஞ்சுவது இறங்கியதால், காரணம் இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. ஒவ்வொரு படியையும் ஓசையில்லாமல் இறங்குவதுதான் பயிற்சி. 'தொப் தொப்' என்று சத்தம் கேட்டால் முட்டிதான் பாரம் தாங்குகிறது என்று அர்த்தம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது இன்னும் நல்லது. அங்கே எல்லோரும் போடும் ஃபெய்யுவே கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகம் அப்பளம் மாதிரி இருக்கும். மெத்தை வைத்த ஷூவிலேயே இருந்துவிட்டுத் திடீரென்று அதற்கு மாறினால் குதிகால் நாண் வீங்கும். ஷூ அங்கேயே மலிவாகக் கிடைக்கும், பாதத்தைப் பழக்கிக்கொண்டு போனால் போதும்.

அப்புறம் 'மா பு', அதாவது குதிரை நிலை. சிலம்பத்தில் காலை அகட்டித் தாழ்ந்து நிற்பது உங்களுக்குத் தெரியும், அதன் அண்ணன் இது. தொடை தரைக்கு இணையாக, முதுகு நேராக, அசையாமல். முதல் நாளே தாழ உட்காராதீர்கள். கொஞ்சம் உயரமாக முப்பது விநாடி, நான்கு தடவை. முட்டி கால்விரல்களின் திசையிலேயே பார்க்கவேண்டும், உள்ளே சாய்ந்தால் அன்றைக்கு எழுந்துவிடுங்கள். புறப்படும்போது இரண்டு நிமிடம் நிற்க முடிந்தால் தாராளம். மிச்சத்தை ஷிஃபு பார்த்துக்கொள்வார். ஷிஃபு என்றால் குரு. அவரைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள்.

கணுக்காலுக்கு வருகிறேன். சுவர் முன்னால் நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். வலதுகாலில் முடிந்து இடதுகாலில் முடியவில்லை என்றால், பழைய சுளுக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை என்று பொருள். தினமும் அதையே பயிற்சியாகச் செய்யலாம். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், பழகியபின் கண்ணை மூடிக்கொண்டு. படி விளிம்பில் நின்று ஒற்றைக்காலால் குதிகாலைத் தூக்கி இறக்குவது 25 தடவை தொடர்ந்து வரவேண்டும். இடதில் 12, வலதில் 25 என்று வந்தால் டேப் சுற்றிக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், டேப் தசை ஆகாது.

இனி ஸ்ப்ளிட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது என் சொந்தக் கதை.

எனக்கு 31 வயதில் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஐந்து வாரம் இருந்தேன். அப்போதே நான் ஏழு வருட அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட். மூன்றாவது வாரம், குளிர்ந்த காலை, உடம்பு சரியாகச் சூடேறவில்லை. காலைச் சுவரோரம் நீட்டி வைத்திருந்தேன், பின்னாலிருந்து ஒருவர் இடுப்பை அழுத்தினார். எனக்குப் பக்கத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் தரையோடு தரையாகக் காலை விரித்துக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் 'போதும்' என்று சொல்ல எனக்கு வெட்கம். உட்காரும் எலும்பின் அடியில் நனைந்த துணி கிழிவது போல ஒன்று நடந்தது. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்தேன். நோயாளிகள் 'சாருக்கு என்ன மூலமா' என்று விசாரித்தார்கள்.

தொடையின் பின்தசை எலும்போடு சேரும் அந்த இடம் கிழிந்தால் ஆற வெகுகாலம் பிடிக்கும். இன்னொன்று, பக்கவாட்டு ஸ்ப்ளிட் எல்லோருக்கும் வராது. இடுப்புக் கிண்ணத்தின் ஆழமும் தொடை எலும்பின் கழுத்து திரும்பியிருக்கும் விதமும் ஆளுக்கு ஆள் வேறு. தசை இழுத்தால் நீட்டலாம், எலும்பில் எலும்பு இடித்தால் ஒன்றும் செய்யமுடியாது. காலை விரிக்கும்போது தொடையின் உட்புறம் இழுத்தால் தொடருங்கள். இடுப்பின் முன்மடிப்பில் ஏதோ முட்டுகிற மாதிரி இருந்தால் அதுதான் உங்கள் எல்லை. ஸ்ப்ளிட் இல்லாமலே நல்ல குங்ஃபூ செய்கிறவர்கள் இருக்கிறார்கள். புறப்படும் முன் உங்களுக்கு ஸ்ப்ளிட் வரவில்லை என்றால் அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. யாராவது அழுத்தும்போது 'போதும்' என்று சொல்ல வாய் வருமா என்பதுதான் என் கவலை.

அதற்கு இரண்டு சீனச் சொற்கள் கற்றுத் தருகிறேன். 'சுவான்' என்றால் உளைச்சல். நிறைய உழைத்த தசையில் வரும் மந்தமான கடுப்பு. புளிப்புக்கும் அதே சொல்தான், வேடிக்கை. 'தெங்' என்றால் வலி. நம் தமிழிலும் இந்த வித்தியாசம் துல்லியமாக இருக்கிறது. வயலில் நாற்று நட்டுவிட்டு வரும் அம்மா 'இடுப்பு உளையுது' என்பார். அதே அம்மா தடுக்கி விழுந்தால் 'சுளீர்னு குத்துது' என்பார். எக்ஸ்ரே எடுக்கும் முன்பே எனக்குப் பாதி தெரிந்துவிடும். உங்களைப் போல ஐடியில் இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் 'பெயின்' என்று ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். அங்கே போனபின் ஷிஃபு கேட்பார்: சுவானா, தெங்கா? சுவான் என்றால் சிரித்துக்கொண்டே இன்னும் பத்து உதை உதைக்கச் சொல்வார், அது நியாயம். தெங் என்றால் விரலால் இடத்தைக் காட்டுங்கள், நல்ல குரு நிறுத்துவார். நிறுத்தாத குரு என்றால் அவரிடம் கற்கவேண்டாம். முழுக் கட்டணத்தையும் முன்னாலேயே கட்டாமல், முதல் மாதத்துக்கு மட்டும் கட்டக் கேட்டுப் பாருங்கள்.

உளைச்சல் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், கழிப்பறையில் குந்தவே கஷ்டப்படுவீர்கள். ஐந்தாம் நாள் குறையும். ஆனால் கைகால் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது உளைச்சல் இல்லை. தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இது அபூர்வம்தான். பழக்கமில்லாத உடம்போடு முதல் வாரமே வீரம் காட்டுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகும் பழக்கம் வேண்டாம். தீயணைப்பு மணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிற வேலை அது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஓஆர்எஸ், கிரேப் பேண்டேஜ், பூஞ்சைப் படைக்குப் பவுடர், இவை போதும். மருந்துச் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் மாதிரியான வலி மாத்திரை எதுவும் பையில் இருக்கக்கூடாது. போதைப்பொருள் விஷயத்தில் அந்த நாட்டுச் சட்டம் மிகக் கடுமையானது. டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் ஏ, பி, டைபாய்டு ஊசிகள் பாக்கி இருந்தால் இப்போதே ஆரம்பியுங்கள். ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணை, அதற்கே மாதங்கள் ஆகும்.

ரத்தப் பரிசோதனையும் இந்த மாதமே. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), பி12, வைட்டமின் டி. சைவப் பெண்களிடம் இந்த நான்கில் ஒன்றாவது குறைவாக இருப்பதை நான் வாராவாரம் பார்க்கிறேன். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ரத்தசோகையோடு மலைப்படி ஏறினால் மூச்சுதான் வாங்கும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், அல்லது நீங்கள் எப்போதாவது ஓடும்போது மயங்கி விழுந்திருந்தால் இதய மருத்துவரையும் பாருங்கள்.

ஒரு விஷயத்தைப் பெண்கள் கேட்கத் தயங்குவதால் நானே சொல்கிறேன். கடும் பயிற்சியில் மாதவிலக்கு நின்றால் 'நல்லதுதான், தொல்லை விட்டது' என்று சந்தோஷப்படாதீர்கள். உழைப்புக்குத் தக்க சாப்பாடு போகவில்லை என்று உடம்பு சொல்லும் முதல் சேதி அது. அடுத்தது எலும்பு விரிசலாக இருக்கலாம். ஒரு மாதம் தள்ளிப்போனாலே சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

சாப்பாடு அங்கே நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. ஆவியில் வெந்த மான்தோ பன், நூடுல்ஸ், கஞ்சி, டோஃபு, முட்டைகோஸ், தக்காளி போட்டுக் கிண்டிய முட்டை. இந்தத் தக்காளி முட்டைதான் உங்களைக் காப்பாற்றப் போகிறது. 'வோ ச்சி சூ', நான் சைவம், என்று சொல்லலாம். ஆனால் பன்றிக்கொழுப்பில் வதக்கிய கீரையையும் சிலர் காய்கறி என்றே வைப்பார்கள். 'மாமிசம், மீன், மாமிசக் கொழுப்பு, எலும்புச் சாறு வேண்டாம், முட்டை பரவாயில்லை' என்று சீன எழுத்தில் யாரிடமாவது எழுதி வாங்கி அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடை 54 கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 80 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் பொட்டுக்கடலையில் இருபது சொச்சம். பொட்டுக்கடலை மாவும் பருப்புப்பொடியும் சீல் வைத்த பாக்கெட்டில் இரண்டு கிலோ எடுத்துப் போங்கள். அம்மா பாசத்தில் நெய்யும் பால்கோவாவும் பழமும் திணிப்பார். பால் பொருளும் பழமும் சீனச் சுங்கத்தைத் தாண்டாது.

குளிரை நீங்கள் குறைத்து மதிப்பிட்டிருப்பீர்கள். மார்ச் காலையில் ஐந்து டிகிரிக்குக் கீழேயும் போகும், காற்று வறண்டிருக்கும். கோவையில் பத்து நிமிடத்தில் சூடாகும் உடம்புக்கு அங்கே இருபத்தைந்து நிமிடம் வேண்டும். எல்லோருக்கும் முன்னால் எழுந்து நீங்களாகவே கைகால் உதறிக்கொள்ளுங்கள்.

காப்பீடு எடுக்கும்போது பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பல பயணக் காப்பீடுகள் தற்காப்புக் கலைப் பயிற்சியில் படும் அடியை ஏற்பதில்லை. ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது, மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். விசா எந்த வகை, அழைப்புக் கடிதம் தருவார்களா, போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தங்குமிடப் பதிவை யார் செய்வார்கள், பெண்களுக்குத் தனி விடுதி உண்டா, இந்த நான்கையும் பள்ளியிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள், அந்த ஊரில் பள்ளிக்குப் பஞ்சமில்லை.

கம்பு இங்கிருந்து தூக்கிப் போகாதீர்கள். ஷாவ்லினின் பெயரே கம்புக்குத்தான், அங்கே வெள்ளை மெழுகு மரத்தில் செய்த, ஒரு முனை சன்னமான கம்பு கிடைக்கும். நம் பிரம்பும் மூங்கிலும் மாதிரி இல்லாமல் அது வேறு விதமாக வளையும், உங்கள் மணிக்கட்டு பழக ஒரு வாரம் ஆகும். போன இரண்டு வாரத்துக்குச் சிலம்பம் தெரியும் என்பதையே மறந்துவிடுங்கள்.

கூடவே இன்னொன்று. 'எங்கள் காஞ்சிபுரத்துப் போதிதருமர்தான் உங்களுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார்' என்று ஷிஃபுவிடம் ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்து அசடு வழிந்தேன். கோயில் 495இல் பாதுவோ என்ற வேறொரு இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. போதிதருமரை அங்கே 'தாமோ' என்று ஜென் மரபின் முதல் குருவாகக் கும்பிடுகிறார்கள், அதில் குறையே இல்லை. ஆனால் அவரைச் சண்டைக் கலையோடு முடிச்சுப் போடும் நூல் 17ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. குகையில் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், அது போதும்.

அம்மா பயப்படுவதில் தப்பில்லை. அங்குள்ள சிம்மில் வாட்ஸ்அப் ஓடாது, சீனர்கள் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் வீசாட் செயலி 2020 முதல் நம் நாட்டில் தடை. எனவே உங்கள் இந்திய எண்ணிலேயே சர்வதேச ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள், அதில் வாட்ஸ்அப் வரும். சீனா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். உங்களுக்கு ராத்திரி எட்டரை என்றால் கோவையில் ஆறு மணி, விளக்கேற்றும் நேரம். அம்மாவுக்கும் அந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள். 'சாப்பிட்டியா' என்று கேட்டபின் 'சுவானா, தெங்கா' என்று கேட்கட்டும். அவரிடம் பொய் சொல்ல உங்களுக்கு வராது.

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபின் எங்கே, எவ்வளவு நீளம் வலித்தது என்று எழுதுங்கள்.